கண்டக்டர் காட்டுக்கு ஒரு வேலி

நொச்சிவலசில் போய், நிலம் நடக்குமா என்று கேட்டுப்பாருங்கள். எல்லா நிலமும் நடக்காதுங்க, கண்டக்டர் காடு மட்டும் நடக்கும் என்று, எல்லா மாடும் முட்டாது செவலை மட்டும் முட்டும் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். காங்கயத்துக்குத் தெற்கே, மழையை நம்பிக் கிடக்கிற மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். புலி இருக்கும், யானை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கிளம்பி வர வேண்டாம். கண்டக்டர் தெய்வசிகாமணியின் காடு ஒரு ஏக்கர். நடுவில் ஒரு வெள்வேலமரம், மரத்தடியில் தகரம் போட்ட ஒற்றை அறை, அறைக்கு வெளியே ஒரு கயிற்றுக்கட்டில், அவ்வளவுதான்.

தெய்வசிகாமணி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயசுக் காலம் முழுவதும் அடுத்தவர் மூச்சு கழுத்தில் படுகிற நெருக்கத்தில் நின்று, உள்ள போங்க, உள்ள போங்க என்று ஊரையே உள்ளே அனுப்பிய மனுஷனுக்கு, ஓய்வு பெற்றுப் பெட்டியோடு வந்து இறங்கியபோது உள்ளே வாங்க என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய அம்மா உயிரோடு இருந்த காலத்தில் இதே ஊரில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று மகனுக்குப் பொண்ணு கேட்டாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவனுக்குக் கொடுப்பதற்குப் பதில் பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிடுவேன் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லி அனுப்பிவிட்டார். இனி ஒருத்தர் வாசலில் போய் நிற்பதில்லை, ஒருத்தரிடம் ஒன்றைக் கேட்பதில்லை என்று தெய்வசிகாமணி அன்றைக்கு மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். நாளெல்லாம் டிக்கெட், டிக்கெட் என்று கேட்டாரே என்றால், அது சர்க்கார் கேட்டது. தனக்கென்று அவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை.

அந்தப் பெண் மயிலாத்தாள். அவளை வெள்ளகோவில் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து, வாசலில் கீற்றுக்கொட்டகை இறக்கி டீக்கடை வைத்திருக்கிறாள். ஊரில் இருக்கிற எல்லா வாயும் அங்கேதான் திறக்கும், தெய்வசிகாமணி வாயைத் தவிர. அவர் தானே டீ போட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, தினமும் மத்தியானச் சோறு தின்றதும், ஊரைச் சுற்றிக்கொண்டு காட்டு வழியாகவே மெயின் ரோட்டுக்குப் போவார். நிழற்குடையில் தனியாக உட்கார்ந்து டீயைக் குடிப்பார். தாராபுரம் பஸ் வரும், நிற்கும், யாரோ ஏறுவார்கள், யாரோ இறங்குவார்கள். புதுக் கண்டக்டர் விசில் கொடுக்கும்போது, சட்டைப் பையில் இன்னும் வைத்திருக்கிற தன் விசிலை இவர் விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஒன்று கொடுத்தால் நிற்கணும், இரண்டு கொடுத்தால் போகணும். பஸ் போனதும் எழுந்து வருவார்.

அப்படி ஒருநாள் எழுந்து வந்தபோதுதான் காட்டைக் காணவில்லை.

பாதை தவறிவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தார், சரியான பாதைதான். காடு போன இடத்தில் பெரும்பள்ளம் இருந்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பள்ளமெல்லாம் இல்லை. சீட்டில் ஒருத்தர் எழுந்து இறங்கிப் போனதும் பக்கத்தில் இருக்கிறவர்கள் நகர்ந்து தாராளமாக உட்கார்வார்களே, அப்படி அந்தப் பக்கத்துக் காடும் இந்தப் பக்கத்துக் காடும் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பக்கத்துக் காட்டுக்காரர் பொங்கியண்ணன் தன் கிளுவை வேலியோரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, என்ற காடு?" என்றார் தெய்வசிகாமணி.

"இப்பத்தானுங்க அக்கட்ட போச்சு. நீங்க சொல்லித்தான் போகுதாட்டருக்குதுன்னு நான் பேசாம இருந்துட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வெள்வேலமரமும் தகர அறையும் கட்டிலுமாகக் காடு நின்றிருந்தது. பிள்ளைகள் அதில் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவரைப் பார்த்து, வெயில் நேரத்தில் நல்ல நிழலுங்க என்று சொன்னார், இரவல் கொடுத்த குடைக்கு நன்றி சொல்கிற மாதிரி. அவர் என்ன சொல்வார்? சரிங்க என்றார். பொழுது சாய்கிற நேரத்தில் காடு தானாகத் திரும்பி நடந்தது. தெருவில் வரும்போது கூட்டத்தில் ஒடுங்கி வருகிற ஆளைப் போல உடம்பைச் சுருக்கிக்கொண்டு, யார் சுவரிலும் உரசாமல், திருப்பத்தில் மரத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு வந்தது. வழி தெரியாமல் போய்விடப்போகிறதே என்று ஊர்க்காரர்கள் சிலர் கூடவே வந்து, அதன் இடத்தில் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்றார்கள். உட்காருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். தெய்வசிகாமணிக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்து, வாயில் தங்கிவிட்டது. அவர்களும் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் பஸ் பார்க்கப் போகிற நேரமெல்லாம் காடும் கிளம்பியது. ஒருநாள் ரேஷன் கடை முன்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நிழலாக நின்றது, ஒருநாள் மாரியம்மன் கோயில் முன்னால், ஒருநாள் கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில், வந்தவர்கள் வண்டி நிறுத்த வாகாக. ஊர் அதிசயப்பட்டது ஒரு வாரம். பிறகு பெண்கள் அதன்மேல் மிளகாய் காயப்போட்டார்கள். போகிறபோது சொல்லிவிட்டுப் போகாத நிலம் என்று திட்டிக்கொண்டு, மழை மேகத்தைப் பார்ப்பதுபோல் அது கிளம்புகிற நேரத்தைப் பார்த்து அள்ளிக்கொண்டார்கள். கன்றுக்குட்டியை அதில் கட்டிவிட்டு மறந்துபோனவர்கள், மறுநாள் அது வந்ததும் அவிழ்த்துக்கொண்டார்கள். நிலம் அளக்கிறவர் ஒருமுறை வந்து, நிற்கிற இடத்தில் அளப்பதா, நிற்க வேண்டிய இடத்தில் அளப்பதா என்று யோசித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். டீயை அவர் குடித்தது மயிலாத்தாள் கடையில். ஏனென்றால் எங்கே சுற்றினாலும் காடு கடைசியாக அவள் கடைக்கு எதிரே போய்த்தான் நிற்கும். அவள் தன் பெஞ்சுகளைத் தூக்கி அதன் நிழலில் போட்டுவிடுவாள்.

ஊருக்கெல்லாம் அது நிழல், தெய்வசிகாமணிக்கு மட்டும் மானக்கேடு. எந்த வாசலில் போய் நிற்கமாட்டேன் என்று ஒரு ஆயுசையே ஒற்றையாகக் கழித்தாரோ, அதே வாசலில் அவருடைய பட்டா நிலம் போய், கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிற மாதிரி நிற்கிறதே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலி போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

"கிளுவை நடுங்க," என்றார் பொங்கியண்ணன். "மொத மழைக்கு முந்தி நட்டுப்போட்டா, அது பாட்டுக்குத் துளுத்துக்கும். ஆனா ஒண்ணு. நம்மூர்ல கிளுவைக் குச்சிய ஆரும் விக்கறதுமில்ல, வாங்கறதுமில்ல. வேலி வெக்கறவன் வீடு வீடாப் போயி வாசல்ல நின்னு, அவன் வாயால கேக்கோணும். ஒரு வீட்டுக்கு ஒரு கை. கேக்காம வெட்டுன குச்சி துளுக்காது. கேட்டா இல்லைன்னு சொல்லவும் கூடாது. எங்க வேலியிலிருந்தே ஆரம்பிங்களேன்."

வீடு வீடாக. வாசலில் நின்று. தன் வாயால். தெய்வசிகாமணி அந்த மூன்றையும் கேட்டதும், வேண்டாமுங்ணா, காசு கொடுத்தால் கிடைக்கிற வேலியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

காசுக்கு வேலி விற்கிற பூபதி திருப்பூரிலிருந்து வேனில் வந்தான். சுறுசுறுப்பான பையன், நாக்கு அதைவிடச் சுறுசுறுப்பு. வேனின் பின்கதவைத் திறந்து, வளையல்காரர் பெட்டியைத் திறக்கிற பக்குவத்தோடு, ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கட்டிலில் பரப்பினான். "இது முள்கம்பி சார், கல்லுக்கால் நட்டு அஞ்சு வரி ஓட்டிரலாம். இது வலைக்கம்பி, கோழிகூடத் தாண்டாது. இது சோலார் வேலி, தொட்டா ஒரு உதறு உதறும், சாகாது. இது ரெடிமேட் சுவர், பலகை பலகையா வரும், காலுக்குக் காலு நடுவுல சொருகி எறக்கறதுதான். உங்களுக்கு உள்ள வர்றத நிறுத்தணுமா, வெளிய போறத நிறுத்தணுமா சார்?"

"போறத," என்றார் தெய்வசிகாமணி.

"மாடுங்களா?"

"காடு."

பூபதி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தான். வியாபாரத்தில் இருக்கிறவன் எதற்கும் முகம் மாறக்கூடாது. "அதுக்கும் இருக்குதுங்க சார்," என்றான்.

முதலில் முள்கம்பி. கல்லுக்கால் நட்டு, அஞ்சு வரி இழுத்துக் கட்டி, இனி போ பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் பார்க்கப் போனார். காடு போயிருந்தது, வேலியையும் உடுத்திக்கொண்டு. போகிற வழியில் காயப்போட்ட சேலை கிழிந்தது, ஒரு ஆட்டுக்குக் காது கிழிந்தது. ஆனாலும் ஊர் அதை வைது விரட்டவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோற்றுப் பையை முள்ளில் மாட்டிவிட்டு ஆடினார்கள். அடுத்து வலைக்கம்பி; காடு நடக்கிற நடையில் வலை தொளதொளத்து, அவிழ்ந்த வேட்டியாய்த் தெருவில் இழுபட்டு வந்தது. அடுத்து சோலார் வேலி. உதறு வாங்கியதும் காட்டுக்கு எப்போதும் இருக்கிற மத்தியான மப்பு கலைந்து, வழக்கத்துக்கு முன்னாலேயே சுறுசுறுப்பாகக் கிளம்பிப் போய்விட்டது.

கடைசியாகச் சுவர். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். கான்கிரீட் கால்களை ஆழமாக இறக்கி, காலில் இருந்த பள்ளத்தில் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சொருகி, ஒரு பக்கம் இரும்புக் கேட் வைத்து, பூபதியின் ஆட்கள் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் திரும்பி வந்தபோது காடு இருந்தது. மறுநாளும் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கட்டிலில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். சுவரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி பலகை. சுவருக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. டீ ஆறிப்போயிருந்தது, அவர் குடித்தார்.

காடு வராத முதல் நாள் டீச்சர் பிள்ளைகளை வாசலில் நிறுத்திக் காத்திருந்தார். மயிலாத்தாள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிட்டு, மறுபடி கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். ரேஷன் வரிசையில் நின்றவர்கள் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு, ஏனுங்க, கண்டக்டர் காட்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்துக்கொண்டார்கள். கேட்டைத் தட்டிக் கேட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் வந்து, அந்தச் சுவரைப் பார்த்து, மனுஷன் வேண்டாமென்றுதானே இப்படிக் கட்டியிருக்கிறார் என்று திரும்பிவிட்டார்கள். பிறகு ஊர் வேறு நிழல் பார்த்துக்கொண்டது. ஊர் அப்படித்தான், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உள்ளே காடு சுருங்க ஆரம்பித்தது. முதலில் ஓரங்களில், துவைத்த துணி சுருங்குகிற மாதிரி, சுவரைவிட்டு ஒரு அடி உள்ளே வந்தது. விட்டுப்போன இடத்தில் மண்ணும் இல்லை, பள்ளமும் இல்லை. கால் வைத்தால் வைத்த மாதிரி இருக்காது, அவ்வளவுதான். வெளியே என்றால் அக்கம்பக்கத்துக் காடுகள் நகர்ந்து வந்து நிரப்பியிருக்கும். நடுவில் சுவர் நிற்கும்போது எப்படி நகரும்? சுவர் எழுந்ததும் ஓரத்தில் அவர் நட்டிருந்த தென்னங்கன்றுகள் நடுவை நோக்கி வந்தன, வந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வாடின. வெள்வேலமரம் இலையை உதிர்த்துவிட்டு அறையோடு ஒட்டிக்கொண்டது. தெய்வசிகாமணி பஸ் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார். திரும்பி வந்தால் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று பயம். நாளுக்கு நாள் குறைந்து, ஆடு கட்டுகிற இடமளவு, பாய் விரிக்கிற இடமளவு என்று குறைந்து, கடைசியில் ஒருநாள் காலையில் அவர் கட்டிலைவிட்டுக் காலை இறக்கியபோது, கட்டிலுக்கு அடியில் இருக்கிற மண்தான் மொத்தக் காடும். மரமும் தகர அறையும் சுருங்கிக் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு நின்றன.

அவர் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொதித்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்து, உள்ளுக்குள் நடுங்கியது. அம்மா செத்த அன்றைக்குக்கூட அழாதவருக்கு அப்போது கண் முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் தன்னைத் தேடி நாலு பேர் வந்தது இந்தக் காட்டோடுதான். தான் பேசாததையெல்லாம் தனக்குப் பதிலாகப் போய் நின்று பேசியது இந்தக் காடுதான். அதைத்தான் பிடித்து அடைத்துச் சாகடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. "என்னய விட்டுட்டுப் போயிராத சாமி," என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். ஓய்வு பெற்று வந்த பிறகு தனக்கென்று அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அதுதான்.

சுவரைப் பிரிக்கப் போனார். பலகை சொருகினதுதானே, மேலே தூக்கினால் வந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் பள்ளத்தில் இறுக்கிக்கொண்டது. ஓடி வந்து அந்தப் பக்கம் தூக்கினால் இந்தப் பக்கம் இறுக்கிக்கொண்டது. இரண்டு முனையிலும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தூக்க வேண்டிய பலகை அது. ஒற்றை ஆள் எடுக்க முடியாதென்று பூபதி துண்டு துண்டாகக் காட்டியபோது சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. போன் போட்டார். பூபதி கர்நாடகாவில் ஏதோ தோட்டத்துக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தான், அடுத்த மாசம் வந்துவிடுகிறேன் சார் என்றான். அடுத்த மாசத்துக்கு அங்கே பலகைதான் இருக்கும்.

தெய்வசிகாமணி கேட்டைத் திறந்து, ஊரைச் சுற்றிப் போகாமல் ஊருக்குள்ளேயே நடந்தார். மயிலாத்தாள் கடையில் காலை நேரத்துக் கூட்டம். பொங்கியண்ணனும் இருந்தார். கண்டக்டர் அந்தக் கொட்டகைக்குள் வந்து நின்றதைப் பார்த்து, காடு நடந்தபோதுகூடப் பேச்சை நிறுத்தாதவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள்.

"டீங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

தலையாட்டினார். குடித்தார். இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். மூன்றாவது டம்ளரையும் அவள் ஆற்றி நீட்டினாள். அதை வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

"ஆராச்சும் ஒரு கை புடிக்கோணுமுங்க," என்றார்.

"என்னத்தப் புடிக்கோணும்?"

"பலகைய. என்ற காடு சாகுதுங்க."

எல்லாரும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். டீச்சரும் வழியில் சேர்ந்துகொண்டார். பலகைக்கு இரண்டு பேராகப் பிடித்து, ஏலேலோ போட்டு, இருட்டுவதற்கு முன்னால் சுவரைக் கழற்றி அடுக்கிவிட்டார்கள். சுற்றியிருந்த காடுகள் மெதுவாக நகர்ந்து வந்து, கட்டிலடி மண்ணைச் சுற்றிலும் தொட்டுக்கொண்டு நின்றன. ஆனால் அது விரியவில்லை. சுருண்டது சுருண்டபடியே கிடந்தது.

"பயந்துபோயிருக்குது," என்றார் பொங்கியண்ணன். "சுத்தியும் உசுருள்ளதா ஒண்ணு நிக்கோணும். மழை கிட்டத்துல வந்துருச்சு. இப்பவாச்சும் போய்க் கேளுங்க."

மறுநாள் விடிந்ததும் தெய்வசிகாமணி கேட்கப் போனார். முதல் வாசலில் போய் நின்றவருக்கு, பஸ் ஏறத் தெரியாத ஆள் மாதிரி, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. கிளுவைக் குச்சி ஒரு கை வேணுமுங்க என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்த் தன் வேலியில் வெட்டி, ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்து, உட்காருங்க என்றார். அடுத்த வாசல். அதற்கடுத்த வாசல். குச்சியோடு மோர் கொடுத்தார்கள், கூழ் கொடுத்தார்கள், இத்தனை நாள் எங்கே போயிருந்தீங்க என்று திட்டும் கொடுத்தார்கள். பொங்கியண்ணன் வேலியிலும் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு கட்டையும் கொண்டுவந்து போடப் போட, கட்டிலடிக் காடு சத்தமில்லாமல் ஒரு கை அகலம் விரிந்துகொண்டே வந்தது. கடைசியில் காட்டைச் சுற்றிவர ஒரே ஒரு கட்டுக் குறைந்தது. கேட்காத வாசலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

வெயில் இறங்குகிற நேரம். கடையில் யாரும் இல்லை. மயிலாத்தாள் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கொட்டகைக்குள் போகாமல், அதைத் தாண்டி, அந்த வீட்டு வாசலில், என்றைக்கோ அவருடைய அம்மா நின்ற இடத்தில் போய் நின்றார்.

"அம்மிணி," என்றார். "வேலிக்குக் கிளுவைக் குச்சி ஒரு கை வேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெட்டுகிற சத்தம் கேட்டது. கட்டோடு வந்தவள் உடனே கொடுத்துவிடவில்லை.

"அன்னிக்கு உங்கம்மா வந்து கேட்டாங்க," என்றாள். "உள்ள கதவோரத்துல நின்னுட்டிருந்தேன். எங்கப்பன் என்னமோ சொல்லி அனுப்பிப்போட்டாரு. கோவக்காரரு, ரெண்டு நாள்ல தணிஞ்சிருவாரு. நீங்க வருவீங்க, வந்து கேப்பீங்கன்னு நான் பாத்துட்டே இருந்தனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே."

தெய்வசிகாமணி இரண்டு கையையும் நீட்டிக் கட்டை வாங்கிக்கொண்டார். கிளுவை முள் உள்ளங்கையில் தைத்தது, அதைப் பிடுங்காமலே நடந்தார்.

மழை பெய்தது. ஊரில் உள்ள எல்லா வேலியும் ஒரு வேலியாக நின்று துளிர்த்தது. ஒவ்வொரு வீட்டுக் குச்சியும் அந்தந்த வீட்டு ஆட்கள் மாதிரியே, ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் இலை விட்டது. காடு பழையபடி ஒரு ஏக்கருக்கு விரிந்தது, வெள்வேலமரம் பூத்தது, நுழைகிற இடத்தில் கதவாக முள்படல் ஒன்று வைத்தார்கள். ஆனால் காடு அதன்பிறகு நடக்கவில்லை. படலைத் திறந்து வைத்துவிட்டு அவர் பஸ் பார்க்கப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அங்கேயேதான் இருந்தது. குணமாகிவிட்டது என்று ஊர் சொன்னது. என்ன இருந்தாலும் அது வந்துக்கிட்டிருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு என்றும் சொன்னது. கிளுவை கொடுத்த வீடுகளில் எல்லாரும் பார்த்தால் சிரித்தார்கள், பேசினார்கள். ஆனால் அவரவருக்கு அவரவர் வேலை. மத்தியானங்கள் பழையபடி நீளமாகவே இருந்தன. காடு மட்டும் எதையோ எதிர்பார்த்து மண்ணை இறுக்கிக்கொண்டு கிடக்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது.

ஒருநாள் மத்தியானம் அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு படல்வரை வந்தவர், வெளியே போகவில்லை. இத்தனை நாளும் தான் இல்லாத நேரமாகப் பார்த்து அது போனது, தான் போகாத இடத்துக்குத்தானே என்று நினைத்தார். படலை அகலத் திறந்து வைத்தார். டீயை மண்ணில் கொட்டினார். படலோரம், பஸ் படியில் நிற்கிற மாதிரி ஒரு கையால் படல் கட்டிய கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். இரண்டு கொடுத்தார்.

குளிர்ந்த காலையில் கிளம்புகிற பழைய வண்டி போலக் காடு ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. முதன்முறையாக அவர் அதில் இருந்தார். கிளுவை வேலி இரண்டு பக்கமும் அசைந்துகொண்டு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் கத்தினார்கள். ரேஷன் கடை தாண்டி, கோயில் தாண்டி, மயிலாத்தாள் கடைக்கு எதிரே வந்ததும் அவர் ஒரு விசில் கொடுத்தார். நின்றது.

அவள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். அவருக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். அதை ஆயுசு முழுக்க யார் யாருக்கோ சொல்லியிருக்கிறார்.

"எடம் இருக்குதுங்க," என்றார். "ஏறி வாங்க."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள். "பாலு பொங்கிட்டிருக்குதுங்க," என்றாள். உள்ளே போய், நீளப் பெஞ்சு ஒன்றை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி வெள்வேலமரத்தடியில் போட்டார்கள். அவள் இறங்கிப் போய்விட்டாள். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, பேசி, பொழுது சாய எழுந்து போனார்கள். காட்டைக் கொண்டுவந்து விட இந்த முறை யாரும் கூட வரவில்லை. அதுதான் அவர் இருக்கிறாரே.

திரும்பி வந்து, படலைச் சாத்தப் போனவர் சாத்தாமல் விட்டார். மரத்தடியில் பெஞ்சு அப்படியே கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை, மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நாளைக்கு அதைத் தேடி அவள் வரலாம், வராமலும் இருக்கலாம். தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார். பிறகு அதில் உட்கார்ந்தார், நடுவில் இல்லை, ஒரு ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு.